சென்னையிலிருந்து மதுரைக்கு: வானில் 418 கி.மீ., சாலையில் 460 கி.மீ.

சென்னையில் வேலை, மதுரையில் பெற்றோர் என்று இரண்டு ஊர்களிலும் காலூன்றி வாழும் குடும்பங்கள் ஏராளம். அத்தகைய வீடுகளில் மாதத்துக்கு ஒரு முறையாவது எழும் கேள்வி இது: இந்த முறை விமானத்தில் போவதா, காரை எடுத்துக்கொண்டு போவதா? விமானத்தில் ஒரு மணி நேரம், காரில் எட்டு மணி நேரம் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பலரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். பதினைந்து ஆண்டுகளாக இரு வழிகளிலும் மாறி மாறிப் போய்வந்தவன் என்ற முறையில், அந்த ஒரு மணி நேரக் கணக்கில் பிழை இருக்கிறது என்றே சொல்வேன். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்கிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏழு மணி நேரமன்று. பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று மணி நேரம்தான். அந்த மூன்று மணி நேரம் யாருக்கு, எப்போது, எவ்வளவு மதிப்புடையது என்பதைப் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

முதலில் தொலைவைப் பார்ப்போம். சென்னை விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய 418 கி.மீ. தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மேலூர் வழியாகச் சாலையில் போனால் சுமார் 460 கி.மீ. சாலையின் தூரம் பத்து விழுக்காடுதான் கூடுதல். வரைபடத்தில் மீனம்பாக்கத்தையும் மதுரை விமான நிலையத்தையும் ஓர் அளவுகோலால் இணைத்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும்: அந்தக் கோடு திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை ஆகிய ஊர்களை உரசிக்கொண்டு சென்று, ஏறத்தாழத் திருச்சிக்கு மேலேயே கடக்கிறது. குறுக்கே சுற்றிப்போக வேண்டிய மலைத்தொடரோ கடலோ இல்லாததால், நெடுஞ்சாலையும் விமானமும் கிட்டத்தட்ட ஒரே தடத்தில் போகின்றன. வானம் தெளிந்திருக்கும் நாளில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவரங்கம் தீவாகக் கிடப்பதை விமானத்தின் சன்னலிலிருந்து பார்க்கலாம். காரில் போனாலும் அதே இரண்டு ஆறுகளைப் பாலத்தின் மேல் கடக்கிறோம். எல்லா ஊர்களுக்கும் இப்படி அமைவதில்லை. குவாஹாத்தியிலிருந்து அகர்தலாவுக்கு வானில் 250 கி.மீ. அளவுதான்; இடையில் வங்கதேசம் புகுந்து நிற்பதால் சாலை ஐந்நூறு கி.மீ.க்கு மேல் சுற்றுகிறது. அங்கே விமானத்துக்கு எதிராகச் சாலையை நிறுத்திப் பேச அதிகம் இடமில்லை. சென்னை – மதுரையில் அப்படியன்று. சாலை ஒரு வலுவான போட்டியாளர்.

விமானச் சீட்டில் அச்சாகியிருக்கும் பயண நேரம் வழக்கமாக ஒரு மணி பத்து நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி வரை இருக்கும். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான நேரம் அது. இந்த வழித்தடத்தில் இருவகை விமானங்கள் பறந்து வந்திருக்கின்றன. ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும், விசிறி பொருத்திய ஏடிஆர் 72 விமானம் மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும். வேகத்தில் இவ்வளவு வேறுபாடு இருந்தும், 418 கி.மீ. தொலைவில் ஏறுவதிலும் இறங்குவதிலுமே பெரும்பகுதி கழிந்துவிடுவதால், பயண நேரத்தில் பதினைந்து இருபது நிமிடங்களுக்கு மேல் வித்தியாசம் வருவதில்லை. ஆகவே எந்த விமானம் என்று பார்த்து நேரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. வேறொரு காரணத்துக்காக அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது வாசல் முதல் வாசல் வரையிலான கணக்கு. சென்னை அண்ணா நகரிலிருந்து ஒருவர் கிளம்புகிறார் என்று கொள்வோம். கோயம்பேடு வழியாகப் போகும் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் நீல வழித்தடத்துக்கு மாறினால் விமான நிலையத்துக்குள்ளேயே இறங்கலாம்; வீட்டிலிருந்து நிலையம் வரை நடப்பதையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். வாடகைக் காரில் போனாலும் மாலை நேரத்தில் அதே ஒரு மணி நேரம் ஆகும். மழை பெய்தால் அதுவும் நிச்சயமில்லை. உள்நாட்டுப் பயணத்துக்குப் பெட்டி ஒப்படைக்கும் முகப்பு, விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும் என்பதால், ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வதே நிம்மதி. விமானத்தில் ஒன்றேகால் மணி. இறங்கி, பெட்டிக்குக் காத்து நின்று வெளியே வர அரை மணி. அங்கிருந்து மதுரை நகருக்குள் பன்னிரண்டு கி.மீ. அளவு, வைகையின் வடகரைக்குப் போக வேண்டியிருந்தால் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். கூட்டிப் பாருங்கள், ஐந்து மணி நேரம். கையில் ஒரே பையோடு, இணையத்திலேயே இருக்கை பதிவு செய்துகொண்டு போகிறவர் இதில் முக்கால் மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அதே அண்ணா நகரிலிருந்து விடியற்காலை நாலரை மணிக்குக் காரில் கிளம்பினால், ஏழேகால் முதல் ஏழரை மணி நேரத்தில் மாட்டுத்தாவணியைத் தொட்டுவிடலாம். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணி நேரம்கூட ஆகலாம். சாலைப் பயணத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது 460 கி.மீ. அன்று, செங்கல்பட்டு வரையிலான முதல் ஐம்பத்தைந்து கி.மீ.தான். பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோவில் ஆகிய மூன்று இடங்களையும் விடிவதற்குள் தாண்டிவிட்டவருக்கு மற்றதெல்லாம் எளிது. மதுராந்தகம் ஏரிப் பக்கம் வரும்போது வெளுக்கத் தொடங்கும். விக்கிரவாண்டியில் இட்லி சாப்பிடும்போது மணி ஏழுதான் ஆகியிருக்கும். உளுந்தூர்பேட்டை தாண்டிய பின் இருபுறமும் வெட்டவெளியாக இருப்பதால் வண்டி சீராக ஓடும். பத்து மணிக்குள் திருச்சி. கொள்ளிடப் பாலத்தில் ஏறும்போது, 1987இல் கட்டி முடிக்கப்பட்ட, 236 அடி உயரமுள்ள திருவரங்கத்து ராஜகோபுரம் தென்னைகளுக்கு மேலே தெரியும். அதன் பின் இருப்பது 135 கி.மீ.தான். விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்று ஊர்கள் வரிசையாக வந்து, ஒத்தக்கடையில் யானைமலை படுத்திருப்பது கண்ணில் பட்டால் மதுரை வந்துவிட்டது என்று பொருள். என் பிள்ளைகள் அந்த மலையைப் பார்த்த பிறகுதான் செருப்பைத் தேடி மாட்டத் தொடங்குவார்கள்.

எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை விட, அந்த ஊரின் எந்தப் பக்கத்துக்குப் போகிறோம் என்பதைப் பலரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சென்னையிலிருந்து வரும் சாலை மதுரையின் வடகிழக்கு மூலையில் நுழைகிறது. விமான நிலையமோ ஊரின் தெற்கே, அவனியாபுரத்தைத் தாண்டி, அருப்புக்கோட்டை செல்லும் திசையில் இருக்கிறது. எனவே மேலூருக்குப் போகிறவர் காரில் வந்தால் மதுரைக்கு முன்பே இறங்கிவிடுவார். விமானத்தில் வந்தால் மதுரையைக் கடந்து வடக்கே ஒரு மணி நேரம் திரும்பி வர வேண்டும். அவருக்கு விமானத்தால் மிச்சமாவது இரண்டு மணி நேரத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. அருப்புக்கோட்டை, விருதுநகர், திருமங்கலம் பக்கம் போகிறவருக்கோ நிலைமை நேர்மாறு. அவருக்கு விமானம் நான்கு மணி நேரம் வரை மிச்சப்படுத்தித் தரும். சென்னைப் பக்கமும் அப்படித்தான். தாம்பரத்தில் குடியிருப்பவருக்கு விமான நிலையமும் பக்கம், நெடுஞ்சாலையும் வாசலிலேயே. திருவொற்றியூரிலோ மாதவரத்திலோ இருப்பவருக்கு இரண்டும் தூரம். ஆனால் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ ரயில் போகிறது என்பதால் அவர் விமானத்தின் பக்கம் சாய்வது நியாயம். கார்தான் வேண்டுமென்றால் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் இறங்கி வந்து சேர்வது நகருக்குள் ஊர்வதைக் காட்டிலும் மேல்.

செலவைப் பொறுத்தவரை ஒருவராகப் போகிறோமா, நால்வராகப் போகிறோமா என்பதே முதல் கேள்வி. நகருக்குள் ஓடுவதையும் சேர்த்து 480 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் கார், லிட்டர் ரூ.101 என்று கொண்டால் எரிபொருளுக்கு ஏறக்குறைய ரூ.3,230 ஆகும். வழியில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என எட்டுச் சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. 2025 ஆகஸ்ட் 15 அன்று, சொந்த உபயோகக் கார்களுக்காக ரூ.3,000 விலையில், 200 முறை கடக்க அனுமதிக்கும் ஆண்டு பாஸ் அறிமுகமானது. அந்தக் கணக்கில் ஒருமுறை கடக்க ரூ.15, மதுரைக்கு ஒருவழியில் எட்டுச் சாவடிக்கும் சேர்த்து ரூ.120தான். போய்வர பதினாறு என்று வைத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை போய்வரலாம். மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிறவருக்கென்றே அளந்து வைத்ததுபோல் இருக்கும் கணக்கு இது. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் போகிறவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

ஆக, பாஸ் வைத்திருப்பவருக்கு ஒருவழிக்கு ரூ.3,350. வண்டியின் தேய்மானத்தையும் டயரையும் இதில் சேர்க்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விமானச் சீட்டு ஒருவருக்கு ரூ.4,000 என்றும், இரு முனைகளிலும் வாடகைக் காருக்கு ரூ.1,200 என்றும் வைத்துக்கொண்டால், தனியாகப் போகிறவருக்கு ரூ.5,200. வித்தியாசம் ரூ.1,850. மூன்று மணி நேர மிச்சத்துக்கும் ஏழு மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் இருப்பதற்கும் அது அதிகமில்லை என்பது என் எண்ணம். நால்வர் குடும்பம் என்றால் விமானத்துக்கு ரூ.17,200 ஆகிறது, காருக்கு அதே ரூ.3,350. மூன்று மணி நேரத்துக்காக ஏறக்குறைய பதினான்காயிரம் ரூபாய் கொடுக்கும் சூழ்நிலை ஒரு குடும்பத்துக்கு எப்போதாவதுதான் வரும். பண்டிகை நாட்களில் சீட்டின் விலை இந்த ரூ.4,000இல் நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பணத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது உடம்பு. என் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதம், வசதியாக இருக்கட்டும் என்று விமானத்தில் அழைத்து வந்தேன். வந்தது ஏடிஆர் விமானம். அதில் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம் இருக்கிறது. அந்தக் கதவோடு சேர்ந்த குறுகிய படிக்கட்டில்தான் ஏற வேண்டும். நிலையத்திலிருந்து நேரே விமானத்துக்குள் நடந்து போகும் இணைப்புப் பாலம் அன்று கிடைக்கவில்லை. பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் விமானத்தின் அடியில் இறக்கிவிட்டார்கள். பேருந்துக்கு ஏற ஒரு படி, இறங்க ஒரு படி, பிறகு இந்தப் படிக்கட்டு. அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து வைத்து ஏறியதைப் பார்த்தபோது, சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்யாமல் விட்டதற்காக என்னை நானே நொந்துகொண்டேன். முதியவர்களை அழைத்து வருகிறவர்கள் எந்த விமானம் என்று பார்க்க வேண்டியது இதற்காகத்தான். சக்கர நாற்காலியை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் சரிவுமேடை வைத்து ஏற்றுவார்கள். சிரமம் பெருமளவு குறையும். காரில் வந்தால் இந்தப் படிகள் எதுவும் இல்லை. ஆனால் ஏழு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் வீங்கிவிடும். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடக்கவிட்டு, ஒன்பது மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்ப்பதே இப்போது எங்கள் வழக்கம். நடக்க முடிகிறவருக்கு அது போதும். நடக்கவே முடியாதவருக்கும், அவசர சிகிச்சைக்காகச் சென்னை வருகிறவருக்கும் விமானம்தான் சரி.

வண்டி ஓட்டுகிறவரின் உடம்பையும் இதே அக்கறையோடு பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை முழுவதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் காரை எடுத்து விடியற்காலையில் மதுரையில் இறங்கலாம் என்று போடும் திட்டம் காகிதத்தில் மிக அழகாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே, பெரம்பலூருக்கு முன்னும் பின்னும், நேராக நீளும் அந்தச் சாலையில் கண் தானாக மூடும். ஓரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிறுத்தப்பட்ட லாரி ஒன்று போதும். இரவில் கிளம்ப வேண்டுமென்றால் ஓட்டுவதற்கு இருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் காரை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்நாட்டு விமானங்களில் வழக்கமாக ஒருவருக்கு 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி, தேங்காய், வத்தல் வடகம் என்று ஏற்றிவிடும் வீடுகளுக்கு அது போதாது. எண்ணெய்ப் பசை மிகுந்து தீப்பிடிக்கக்கூடியது என்பதால் கொப்பரையை விமானத்தில் எடுத்துச்செல்ல அனுமதியில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

மழைக்காலத்தில் இரண்டு வழிகளுமே கைவிடக்கூடும், ஆனால் வெவ்வேறு விதமாக. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதைப் பகுதியில் வெள்ளம் புகுந்து, மறுநாள் வரை நிலையம் மூடப்பட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருக்கெடுத்து, விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஓடியது. சென்னை – திருச்சி போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே ரயில்களும் நின்றன. விமானம் ரத்தானால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். சாலை அறுபட்டால் நடுவழியில், குழந்தைகளோடு, அடுத்த ஊர் எதுவென்று தேட வேண்டும். அதனால் வடகிழக்குப் பருவமழையின் எச்சரிக்கை உள்ள நாட்களில் காரைத் தவிர்ப்பது நல்லது. பொங்கலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: போகியன்று அதிகாலையில் சென்னையைச் சூழும் புகையால் விமானங்கள் தாமதமாவதுண்டு, 2018 போகியன்று பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அன்றைக்குச் சீட்டு எடுப்பதானால் நண்பகலுக்குப் பிந்தையதாக எடுப்பது பாதுகாப்பு.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாகாது. எழும்பூரிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை 500 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சாலையை விட நீளம். ஆனாலும் 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய சென்னை – நாகர்கோவில் வந்தே பாரத், மதுரையை ஏறக்குறைய ஐந்தே முக்கால் மணி நேரத்தில் அடைகிறது. 2019இல் தொடங்கிய தேஜஸ் ஆறேகால் மணி நேர அளவில் போய்ச் சேர்கிறது. இரு முனைகளிலும் நிலையம் ஊரின் நடுவில் இருப்பதால், வாசல் முதல் வாசல் வரை கணக்கிட்டால் வந்தே பாரத் விமானத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான் பின்தங்குகிறது. கட்டணமோ பாதிக்கும் குறைவு. இரவில் உறங்கிக்கொண்டே போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குப் பகல் நேரத்தில் ஒரு நிமிடம்கூடச் செலவில்லை. சீட்டு கிடைத்தால் ரயில், கிடைக்காதபோதுதான் விமானமா காரா என்ற கேள்வி என்பதே எங்கள் வீட்டின் நடைமுறை. அந்தச் சீட்டு கிடைப்பதுதான் கடினம். இரவுப் பேருந்தில் போகிறவர்கள், 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டப் பேருந்துகளுக்கு அங்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது என்பதால், வடசென்னையிலிருந்து கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு மதுரையில் ஒரு வேலை, அன்றிரவே சென்னை திரும்ப வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், விமானம்தான். அதுவும் நாளின் முதல் விமானம், ஏனென்றால் முந்தைய சுற்றுகளின் தாமதம் அதில் வந்து சேர்வதில்லை. மூவரோ அதற்கு மேலோ, இரண்டு நாளுக்கு மேல் தங்குகிறோம், அழகர்கோவிலுக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் உறவினர் வீடுகளுக்கும் சுற்ற வேண்டியிருக்கிறது என்றால் கார்தான். அங்கே வாடகைக்கு வண்டி எடுக்கும் செலவும் மிச்சம். இருவராகப் போகும்போதுதான் கணக்கு இழுபறியில் நிற்கிறது. அதில் போகும் வழியை விட, திரும்பும் வழியைப் பார்த்து முடிவெடுப்பதே சரி என்பது என் அனுபவம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மதுரையை விட்டுக் கிளம்பும் கார், இரவு பதினொரு மணிக்குச் செங்கல்பட்டை அடையும்போது தென்மாவட்டங்களிலிருந்து திரும்பும் அத்தனை வண்டிகளும் அதற்கு முன்னால் நிற்கும். பரனூரிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்து வீடு சேரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அதே ஞாயிறன்று காலை பத்து மணிக்கே கிளம்பிவிட்டால் மாலை ஆறு மணிக்குள் வீட்டில் இருக்கலாம். ஆனால் அம்மாவின் கையால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கிடைக்காது. அந்தச் சாப்பாட்டை விட மனமில்லாத வாரங்களில், காரை எடுக்காமல் போய், இரவு விமானத்தில் திரும்புகிறேன்.